உலை என்றுதான் எழுதியிருந்தார்

கருமாதிப் பத்திரிகை அடிக்க வேண்டும் என்று சிதம்பரத்திலிருந்து வந்த ஒருவர் தாளை நீட்டினார். அச்சுக்கோக்கிறவன் எழுத்தைப் பார்ப்பான், பொருளைப் பார்க்க மாட்டான். பெயரைப் பாதி கோத்த பிறகுதான் அது நம் சபாநாயகம் என்று உறைத்தது.

கடலூரில் எங்கள் வாரப் பத்திரிகைக்கு வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் எழுதித் தந்தவர். சிதம்பரத்திலிருந்து வாரம் ஒருமுறை ரயிலில் வருவார். நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

நான் எட்டாவதோடு நின்றவன். அவரைத் திருத்துகிற ஆசை மட்டும் எம்.ஏ. படித்திருந்தது. அணுகுண்டு பரவாமல் தடுக்க ஜெனீவாவில் நாடுகள் பேசிக்கொண்டிருந்த சமயம். ‘நமது அணு உலை அமைதிக்கே’ என்று தலைப்பு எழுதித் தந்திருந்தார். உலை சோற்றுக்கு வைப்பது. அணுவுக்கு ஏது உலை? கை தவறியிருப்பார் என்று நானே ‘நமது அணுகுண்டு அமைதிக்கே’ என்று கோத்துவிட்டேன்.

வீட்டில் என் மகள் கல்யாணி படித்துவிட்டு, “குண்டு எப்படிப்பா அமைதிக்கு?” என்றாள். “பெரிய எடத்து விஷயம், ஒனக்குப் புரியாது” என்றேன். எனக்கே புரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

முதலாளி இருவரையும் நிற்க வைத்தார். “இல்லாத குண்ட செஞ்சி வெச்சிட்டீங்களேய்யா. யாரு வேல இது?”

நான் தரையைப் பார்த்தேன். “என் கையெழுத்துதாங்க கோளாறு” என்றார் சபாநாயகம். அதோடு அவர் வேலை போயிற்று.

ரயிலடி வரை கூடப் போனேன். “ஏன் மச்சான் அப்படிச் சொன்ன?”

“ஒனக்குப் புள்ளைங்க இருக்கு. நான் ஒண்டிக்கட்ட” என்றவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: “அது சோத்து உலை இல்ல மச்சான், கொல்லன் உலை. அதுல ஏர்க்கொழுவும் அடிக்கலாம், அருவாளும் அடிக்கலாம். கொழுதான் அடிக்கிறோம்னு நாம சொல்றோம். அருவா வெச்சிருக்கறவன், ‘ஒம் பட்டறைய நான் எட்டிப் பாக்கணும்’ங்கறான். ‘அப்ப ஒம் பட்டறைய யாரு பாக்கறது?’ன்னு நாம கேக்கறோம். இவ்ளோதான் ஜெனீவா. அடுத்த வாரம் ஒரு திருத்தம் மட்டும் போட்டுடு.”

போடவில்லை. போட்டால் முதலாளி மூலத்தாளைக் கேட்பார். அதன் பிறகு சிதம்பரம் வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒருமுறையும் இறங்கவில்லை.

அவர் எழுதித் தந்த அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. நேற்று கல்யாணியிடம் கொடுத்தேன். தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். “கையெழுத்து நல்லாத்தானேப்பா இருக்கு?”

இன்று காலை முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, நம் பத்திரிகைக்கு இதை நானே கோக்கிறேன். அவரை அறிந்தவர்களுக்கு, காலம் கடந்த அந்தத் திருத்தம்: சபாநாயகம் உலை என்றுதான் எழுதியிருந்தார். குண்டு வைத்தவன் நான்.