சென்சாருக்கு வைத்த சந்தனப் பொட்டு

ஆயுத பூஜையன்று லாரிக்குப் பொட்டு வைக்கட்டும், டயருக்கு வைக்கட்டும், ஜாக்கிக்குக்கூட வைக்கட்டும். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத அந்த சென்சாரைப் பெரியப்பா ஏன் கழற்ற வேண்டும்? கண் மங்கும்வரை அந்த லாரியை ஓட்டி, பிறகு அப்பாவிடம் விட்டவர் அவர். கரி துடைக்கிறேன் என்று தடவித் தடவிக் கழற்றினார். துடைத்ததோடு விட்டாரா? நுனியில் கொழகொழவென்று சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்ப மாட்டினார்.

மறுநாள் மணலி புதுநகரில் கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பினோம். பள்ளிக்கூடம் லீவு என்று நானும், துணைக்கு என்று பெரியப்பாவும் ஏறிக்கொண்டோம். இருட்டுவதற்குள் கேட்டுக்குள் நுழையாவிட்டால் பெட்டி கப்பலைத் தவறவிடும். தவறவிட்டால் வண்டியை வேறு டிரைவரிடம் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். பாலத்து ஏற்றத்தில் லாரி முக்கியது. நடந்து போனவர்கள் எங்களை முந்தினார்கள்.

"கண்ணு பட்டுகீதுடா" என்றார் பெரியப்பா.

சந்தனத்தைப் பற்றிச் சொன்னேன். "சின்னப் பொண்ணு, உனுக்கு இன்னா தெரியும்?" என்றார். மறுபடி சொன்னேன். எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று தேடினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

லாரியை ஓரங்கட்டச் சொல்லி அவர் பூசணிக்காய் வாங்க இறங்கிப் போனதும் அப்பா என்னையும் இறக்கி, கேபினைச் சாய்த்து, சென்சாரைக் கழற்றினார். இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அது அளந்து சொன்னால்தான் அதற்கேற்ற டீசலைக் கம்ப்யூட்டர் விடும். துளையில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. காற்று போதவில்லை என்று நினைத்து, கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிட்டிருந்தது. அப்பா என் ஹேர்பின்னை வாங்கிக் குடைந்து, துடைத்து மாட்டி, கேபினை இறக்கினார்.

பெரியப்பா வந்து பூசணிக்காயை உடைத்தார். லாரி விறுவிறுவென்று ஏறியது.

"பாத்தியா?" என்றார் என்னிடம். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என் தொடையைக் கிள்ளினார். "ஆமாண்ணே, கண்ணுதான்."

வெளிச்சம் இருக்கும்போதே கேட்டுக்குள் நுழைந்துவிட்டோம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அப்பா எங்கிருந்தோ பழுதான சென்சார் ஒன்றைக் கொண்டுவந்து, "கழட்டிட்டேண்ணே, நீயே பொட்டு வை" என்று பெரியப்பாவின் கையில் கொடுத்தார். அவர் நுனியை விரலால் தேடிப் பிடித்துச் சந்தனம் வைத்தார். செத்துப்போன சாமானுக்கு இந்தக் கூத்து எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த லாரியில் பெரியப்பாவுக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.