பதினொரு துளைகள்

அந்தக் கரண்டு டிரில்லுக்கு உடம்பு முழுக்க இரும்பு. இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சைக் கொடுத்து அழுத்தினால்தான் தகட்டில் இறங்கும். யுத்த காலத்தில் தூத்துக்குடியில், கப்பலுக்குச் சரக்குத் தோணிகளை இழுத்துப்போகும் லாஞ்சு என்ற மோட்டார் படகுகளைப் பழுதுபார்த்த ஒரு பட்டறையில் அக்காவின் கணவரும் நானும் பிட்டர்கள். டிரில் அத்தானிடம்தான் இருக்கும். ஈரக் கையோடு தொட்டால் கரண்டு சுண்டி இழுக்கும். பட்டறையை மேற்பார்வையிட்ட போர்மேனிடம் இருமுறை சொன்னார். கப்பல் காத்திருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டார் அவர். அதிலிருந்து அத்தான் பலகை ஒன்றைக் காலுக்கடியில் போட்டுக்கொண்டுதான் துளை போடுவார்.

அன்று லாஞ்சின் அடித்தட்டில் கணுக்கால் அளவு கடல்நீர் தேங்கியிருந்தது. பலகை வழுக்கி அத்தானின் கால் தண்ணீரில் இறங்கியது. அவர் கத்தவில்லை. வாய் கோணி, கழுத்து நரம்பு புடைக்க, டிரில்லை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி அதிர்ந்தார். விட்டுவிடத்தான் பார்க்கிறார், கை விடவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் என் கால் நகரவில்லை. தொட்டால் நானும் ஒட்டிக்கொள்வேன் என்ற ஒரே நினைப்பு. எவ்வளவு நேரம் நின்றேனோ, பிறகுதான் ஏணியேறிச் சுவிட்சை அணைத்தேன். உயிர் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். நான் சும்மா நின்றதை அக்காவிடம் சொல்லவில்லை. இன்றும் மகள் வீட்டில் யாராவது கரண்டு தாக்காத பிளாஸ்டிக் உடம்பு டிரில்லை எடுத்தால்கூட நான் தெருவுக்குப் போய்விடுகிறேன்.

சில நாள் கழித்துப் போர்மேன் கூப்பிட்டார். வயரை மாற்றியாயிற்று, மிச்சமுள்ள பதினொரு துளைகளை நீ போடு, முடியாதென்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். மறுநாள் காலை போனேன். மேல்தட்டில், சுவிட்சுக்குப் பக்கத்தில் அத்தான் நின்றிருந்தார், கையில் கட்டோடு.

"நீ வேலையப் பாரு மாப்ள. நா ஒம் மொகத்தப் பாத்துக்கிடுதேன். கொஞ்சம் மாறுனாலும் அணைச்சிருவேன்."

"அன்னைக்கு நா சும்மா நின்னுட்டேன் அத்தான்" என்றேன்.

"தெரியும். ஒன்னயத்தான பாத்துட்டு இருந்தேன்."

அத்தான் இடது கையைச் சுவிட்சின் மேல் வைத்துக்கொண்டு, இறங்கு என்று தலையசைத்தார். ஒவ்வொரு துளைக்கும் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண் சிமிட்டியதாகவே தெரியவில்லை. பதினொன்றாவது துளையும் விழுந்த பிறகு மேலே ஏறி வந்தேன். வேர்வையில் அவர் சட்டை என்னுடையதைவிட அதிகம் நனைந்திருந்தது.