எடை பார்க்கிற யுகேந்திரன்

பினாங்கில் நாங்கள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் எலி அறைக்கு இரண்டே பேர். நான் கூண்டு கழுவுவேன். யுகேந்திரன் எடை பார்த்து, மருந்தைச் சின்னக் குழாயால் எலியின் தொண்டைக்குள் விடுவான். அவன் தூக்கினால் எலி கீச்சென்றுகூடச் சொல்லாது. நான் தூக்கினால் கடிக்கும், சனியன்.

இந்த முறை மருந்து புலிப்பால் காளான் பொடி. காட்டில் கிடைப்பது, மலாய்க்காரர்கள் இருமலுக்குக் குடிப்பார்கள். அது உடம்பைக் கெடுக்குமா என்று தொண்ணூறு நாள் சோதனை. எந்த எலிக்காவது எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே மருந்தை நிறுத்த வேண்டும் என்று கதவிலேயே ஒட்டியிருந்தது. ஒன்றுக்கும் குறையவில்லை. யுகேந்திரன் தினமும் சாயந்திரம் ஆயர் ஈத்தாம் பிளாட்டுக்குப் போய், எந்த எலி எத்தனை கிராம் ஏறியது என்று மனைவி காமினியிடம் ஒப்பிப்பான். பிள்ளை இல்லாத வீடு, அதுதான் அவர்களுக்குப் பேச்சு.

காமினிக்கு மார்பில் புற்று. இரண்டு கீமோவிலேயே துவண்டுவிட்டாள். மூன்றாவதற்குப் போக வேண்டிய அன்று, பாலிக் புலாவ் பசாரில் வாங்கிய அதே காளான் பொடியை மேசையில் வைத்தாளாம்.

"உங்க எலிங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கு? எனக்கு இது போதும் லா. ஆஸ்பத்திரி வேணாம்."

அடக் கடவுளே! அந்த எலிகளுக்கு நோயே கிடையாது. காளான் கெடுக்கிறதா என்றுதான் பார்த்தோம். குணப்படுத்துகிறதா என்று யார் பார்த்தது? சோதனையை நடத்துகிற டாக்டர் ஷர்மினியே போனில் எடுத்துச் சொன்னார். "கெடுக்காதுன்னா குடிக்கலாம்தானே டாக்டர்" என்று காமினி போனை வைத்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நாலு எலி செத்துப்போச்சுன்னு பொய் சொல்லித் தொலைடா" என்றேன். சொல்லியும் பார்த்தான். அவள் சிரித்துவிட்டாளாம். "நேத்து வரைக்கும் எடை ஏறிக்கிட்டு இருந்துச்சு, இன்னைக்குச் செத்துருச்சா? உங்களுக்குப் பொய் வராதுங்க."

தொண்ணூறாம் நாள் எலிகளை மயக்கிக் கொன்று அறுத்துப் பார்த்தார்கள். ஈரல், சிறுநீரகம் எல்லாம் சுத்தம். டாக்டர் சந்தோஷத்தில் எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கித் தந்தார். யுகேந்திரன் அதைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"ஒண்ணாவது செத்திருக்கக் கூடாதா, மார்த்தாக்கா?"

அந்த எலிகளைப் பிள்ளை மாதிரி பார்த்தவன் கேட்ட கேள்வி இது.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். காமினி எடை மெஷினில் ஏறி நின்றாள். ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள், இப்போது நாற்பத்தொன்று. "உடம்புல உள்ள கெட்டதெல்லாம் வெளியாவுது அக்கா" என்று சொல்லிவிட்டு, காளான் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தாள். யுகேந்திரன் குனிந்து மெஷின் காட்டிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லிஃப்ட் வரை என்னோடு வந்தான்.

"எலியா இருந்தா இன்னைக்கே நிறுத்தியிருப்பேன் அக்கா" என்றான். "இவள நான் எப்படி நிறுத்துறது?"