வெள்ளைச் சீட்டு எலிகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் எலியக்காவைத் தெரியாதவர் கிடையாது. அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. பதினேழு வருடமாக எலி அறை அவள் பொறுப்பில். காலை ஏழரைக்கு வந்து கூண்டுத் தட்டுகளை உருவி, நனைந்த மரத்தூளைக் கொட்டிப் புதுத்தூள் பரப்பி, தண்ணீர்க் குப்பிகளை நிரப்பி, தீனி வைப்பாள். விஞ்ஞானம் நடப்பது அடுத்த அறையில். அங்கே நாற்றம் கிடையாது என்பாள்.

இந்த முறை வந்த நாற்பது எலிகளும் கிழடுகள். பெர்ரிப் பழத்தோலில் இருக்கும் நீலச்சாயப் பொருள், வயதாகும்போது மூளை நரம்புகள் அழிவதைத் தடுக்குமா என்று பார்க்க வேண்டும். இந்த ஆய்வை நடத்தும் டாக்டர் எலியக்காவைவிடப் பதினைந்து வயது இளையவள். இந்தச் சோதனைக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவள். இருபது எலிகளுக்குப் பழச்சாறு கலந்த தீனி, இருபதுக்கு வெறும் தீனி. எது எதற்கு என்று தெரிந்தால் மனிதர் கை ஒரு பக்கமாகச் சாயும் என்பதால், இரண்டு தீனிக்கும் ஒரே பழுப்பு நிறம் ஏற்றிக் கூண்டுகளில் சிவப்புச் சீட்டும் வெள்ளைச் சீட்டும் ஒட்டினார்கள். எந்தச் சீட்டுக்கு எந்தத் தீனி என்ற விவரம், ஒட்டிய உறைக்குள் பூட்டிய பீரோவில் இருந்தது.

தீனியை மறைத்தார்கள், சரி. எலி போடும் புழுக்கையை யார் மறைப்பது? நாலாம் நாளே வெள்ளைச் சீட்டுத் தட்டுகளின் மரத்தூளில் ஊதா படிந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். தட்டு கழுவுகிறவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குக் காரணம் வீட்டில் இருந்தது. அவள் கணவர் இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர். போன வருடம் ஒருநாள், வண்டி நிறையப் பயணிகளோடு ஒரு நாற்சந்தியில், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிறுத்திவிட்டு அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார். மூளையைப் படமெடுத்துப் பார்த்த மருத்துவர், நரம்புகள் அழிந்துகொண்டே வருகின்றன, இது கூடுமே தவிரக் குறையாது என்றார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டுதான்.

அந்தப் பழம் ஜெயிக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். ஆசை யாரை விட்டது? தட்டு மாற்றும்போது வெள்ளைச் சீட்டு எலிகளை உள்ளங்கையில் எடுத்துக் காதுக்குப் பின்னால் தடவி, கடைசியில் வரும் நீச்சல் சோதனையில் நன்றாக நீந்தவேண்டும் என்று காதோடு சொல்லிக் கூண்டில் விடுவாள். சிவப்புச் சீட்டுகளைப் பிடித்தாள், மாற்றினாள், விட்டாள், அவ்வளவுதான். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போனது. சிவப்பில் ஒன்றுக்கு மட்டும் காது கிழிந்து சீழ் வைத்தது. அதை மூன்று வாரம் மடியில் வைத்துக் களிம்பு தடவினாள்.

மூன்று மாதம் கழித்து நீச்சல் சோதனை. வட்டத் தொட்டியில் பால்போல் கலங்கிய தண்ணீர். அதனடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படி. படி இருக்கும் இடத்தை நினைவு வைத்திருக்கும் எலி சீக்கிரம் ஏறிவிடும். சிவப்புச் சீட்டுகள் எடுத்துக்கொண்டதில் பாதி நேரத்திலேயே வெள்ளைச் சீட்டுகள் ஏறின. உறையைப் பிரித்த டாக்டர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த சோதனை மனிதர்களுக்குத்தான், முதல் பட்டியலிலேயே உங்கள் வீட்டுக்காரர் பெயரைச் சேர்த்துவிடுகிறேன் என்றாள். அன்று மாலை செய்தியைக் கேட்டதும் கணவர் யாரும் சொல்லாமலே எழுந்துபோய் முகச்சவரம் செய்துகொண்டார். பல மாதங்களாக அவராகச் செய்யாத காரியம் அது. எலியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். சிவப்பில் ஒன்று மட்டும் வெள்ளைகளுக்குச் சமமாக நீந்தியிருந்தது. இதில் ஏதோ கோளாறு, கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன், நோய் ஏதும் வந்ததா என்று கேட்டாள்.

திரையில் தெரிந்தது கிழிந்த காது. அந்த எலி பழத்தை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. அதற்குக் கிடைத்ததெல்லாம் அவள் கை மட்டும்தான். கைப்பழக்கமான எலி தண்ணீரில் விட்டால் மிரளாது; மிரளாத எலிக்குப் படி நினைவிருக்கும். பதினேழு வருட அனுபவத்தில் இது அவளுக்குத் தெரியாததா? வாயை மூடிக்கொண்டால் கணவர் பெயர் பட்டியலில் இருக்கும். ஆனால் வேலை செய்தது பழமே இல்லையென்றால், அவரும் அவரைப்போல எத்தனையோ பேரும் எதை நம்பி விழுங்குவார்கள்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

"கோளாறு அதுல இல்ல டாக்டர், என்கிட்டதான். அதை மூணு வாரம் மடியில வச்சிருந்தேன். வெள்ளைச் சீட்டையெல்லாம் மூணு மாசமா கையில எடுத்துக் கொஞ்சினேன். எது பழம் தின்னுச்சுன்னு எனக்கு ஆரம்பத்துலயே தெரியும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். திட்டுவாள் என்று எலியக்கா எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் தேவலை. எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டு, ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள். பிறகு, புது எலிகள் வாங்கி, அவை கிழடாகும்வரை வளர்த்து, ஒவ்வொன்றையும் ஒரே அளவு நேரம் கையில் எடுத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றாள். பழம் உதவலாம், உதவாமலும் போகலாம், இப்போது நமக்கு ஒன்றுமே தெரியாது. முடிய ஒரு வருடம் ஆகும். அதுவரை பட்டியல் கிடையாது.

அன்று மாலை அவள் எதையும் மறைக்காமல் கணவரிடம் சொன்னாள். அவருக்குப் புத்தி தெளிவாக இருந்த நாள் அது. முழுதும் கேட்டுவிட்டு, விரல்விட்டு மாதங்களை எண்ணத் தொடங்கினார். ஏழாவதில் நின்றுவிட்டார்.

"அதுக்குள்ள உன்னை என்னன்னு கூப்பிடறதுன்னே மறந்துட்டா?" என்றார்.

அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது.

"எப்படி வேணா கூப்பிடுங்க," என்றாள். "நான் வர்றேன்."