மஞ்சள் துணி கட்டிய வேம்பு

எழுபதுகளில் இலங்கை மலையகத்துப் பதுளைக் கடைவீதியில் எங்களுக்குத் துணிக்கடை, பின்னால் வீடு. மறுநாள் அக்காவைப் பெண் பார்க்கப் பண்டாரவளையிலிருந்து வருகிறார்கள் என்றிருந்தபோது, கக்கூஸ் அடைத்து முற்றமெல்லாம் நாறியது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

குழாயைத் தோண்டிய ஆள் சடை சடையாக வேரை உருவிப் போட்டார். "வேப்பமரத்து வேருங்க. குழாயவே பொளந்திருச்சு. மரம் நின்னா புதுக் குழாய் போட்டும் பிரயோசனமில்ல."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். கொல்லையில் நின்ற அந்த மரம்தான் அம்மாவுக்கு மாரியாத்தா. வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவாள். ஓர் இலை கிள்ள விடமாட்டாள்.

அம்மா மரத்தடிக்குப் போனாள். அதில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வெட்டுங்க. ஆத்தா கோவிச்சா என்னைய கோவிக்கட்டும். எம்புள்ள தல குனிஞ்சு நிக்கக்கூடாது."

மறுநாள் வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள், கிளம்பினார்கள். கக்கூஸ் பக்கம் யாருமே போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு கொல்லைக்கு வந்தாள். எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் நின்றாள். அவளுடைய பக்தியைக் கேலி செய்தே வளர்ந்தவன் நான். அந்தச் செம்பை அவள் கையிலிருந்து வாங்கி வைக்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.