கடலாடி நண்பர்

கடலாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்தெட்டு. நயினார்கோவில் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. கல்யாணப் பேச்சு வந்து வந்து நின்றுபோனது. அப்புறம் என்னைப் பெற்ற அய்யா பேச்செடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சுகாதார நிலையமும் குடியிருப்பும் ஒரே கட்டிடம். முன்னறையில் எடை பார்க்கும் தராசும் தடுப்பூசிப் பெட்டியும். பின்னறையில் நான்.

ஊர் என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டது. பிரசவம் பார்த்த வீடுகளிலிருந்து மிளகாய் வத்தலும் கருவாடும் வரும். ஆனால் என்னிடம் வந்த எல்லாரும் உடம்பைப் பற்றி மட்டுமே பேசினார்கள். சாயங்காலம் கதவைச் சாத்தினால் அதுகூட இல்லை.

எனக்குத் துணை காமிக்ஸ் புத்தகங்கள். சின்ன வயதில் அண்ணன் வாங்கிவந்து படித்துவிட்டுப் போடுவான், நான் எடுத்துப் படிப்பேன். அவன் மீசை முளைத்ததும் விட்டுவிட்டான். நான் விடவில்லை. மாதக் கூட்டத்துக்கு இராமநாதபுரம் போகும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்குவேன். கடைக்காரர் "பையனுக்காம்மா?" என்று கேட்பார். "ஆமா" என்று சொல்லிவிடுவேன்.

அதில் ஒரு வெளிநாட்டு வீரனின் கதை தொடர்ந்து வந்தது. பகலில் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் சாதாரண ஆள். ஆபத்து என்றால் முகமூடி போட்டுக்கொண்டு சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வருவான். அவன்தான் அது என்று யாருக்கும் தெரியாது. ஒரு இதழில், காதலிக்கும் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. வாசகர் பக்கத்துக்கு எழுதினேன். அவனுடைய பலம் சுவரைத் துளைப்பதில் இல்லை, தனியாக இருப்பதில்தான் இருக்கிறது, ஒருத்திக்குத் தெரிந்தாலும் அவன் பாதி வீரன்தான் என்று. பெயருக்கு முதலெழுத்து மட்டும் போட்டு, கடலாடி என்று ஊரைப் போட்டேன். அச்சில் வந்தபோது ஆசிரியர் என்னைக் 'கடலாடி நண்பர்' ஆக்கியிருந்தார்.

அடுத்த இதழில் ஏர்வாடியிலிருந்து ஒருவர் பதில் எழுதியிருந்தார். 'யாரிடமும் சொல்ல முடியாதவன் வீரன் இல்லை, நோயாளி. கடலாடி நண்பர் வாழ்க்கையில் யாரோடும் பேசிப் பழகாதவர் போலிருக்கிறது.'

அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அது சந்தோஷமும்தான். நான் சொன்னதை ஒருவர் காதில் வாங்கி, மெனக்கெட்டு மறுத்திருக்கிறார்.

ஒரு தடுப்பூசி நாளில் அந்த ஏர்வாடிக்காரரே வந்துவிட்டார். வாசலில் பிள்ளைகளோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக் கைலி, கையில் சுருட்டிய புத்தகம், என் வயதுதான் இருக்கும். கடிதம் எந்த ஊரிலிருந்து போகிறது என்று மட்டும் கடலாடி தபால்காரரிடம் விசாரித்து வந்திருக்கிறார்.

"இங்கன காமிக்ஸுக்கு எழுதுற சார் வீடு எது?"

"சாரா? இங்கன நர்ஸம்மா மட்டும்தான் இருக்கு" என்றாள் ஒருத்தி.

நான் ஊசியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். "நான்தான் எழுதுனது."

அவர் என்னைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டார். ஏர்வாடி தர்கா வாசலில் சந்தனமும் ஊதுபத்தியும் விற்கிற கடை தன்னுடையது என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நோயாளின்னு எழுதிருந்தீங்களே, ஏன் அப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன். அவர் வாதாடுவார் என்று நிஜமாகவே எதிர்பார்த்தேன். என்னிடமும் சொல்ல நிறைய இருந்தது.

"அது ஏதோ வேகத்துல எழுதிட்டேன் சிஸ்டர். தப்பா நெனைச்சுக்கிராதீக. நீங்க சொன்னதுதான் சரி."

"இல்ல, சரியில்லைன்னா சொல்லுங்க. பேசலாம்ல."

"நீங்க படிச்சவுக. சரியாத்தான் இருக்கும்."

தண்ணீர் குடித்தார். தர்காவில் ஓதிக் கொடுக்கும் சர்க்கரை ஒரு பொட்டலம் கொடுத்தார். "வாரேன் சிஸ்டர்" என்று போய்விட்டார். நான் மிச்சப் பிள்ளைகளுக்கு ஊசி போடப் போனேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் இரண்டு இதழ் கழித்து அவர் மறுபடியும் எழுதியிருந்தார். 'கடலாடி நண்பர் இன்னும் பிடிவாதமாகவே இருக்கிறார்' என்று ஆரம்பித்து, என்னை வெளுத்து வாங்கியிருந்தார். நண்பர் என்றே எழுதியிருந்தார். நான் பெண் என்று ஒரு வார்த்தை இல்லை. தனியறையில் வாய்விட்டுச் சிரித்தேன். உடனே பதில் எழுதினேன்.

இப்படியே பல வருஷம் ஓடியது. வில்லனைக் கொல்லலாமா கூடாதா, புதிதாக வரைகிறவர் பழையவருக்கு ஈடாவாரா, எல்லாவற்றிலும் எதிரும் புதிருமாக நின்றோம். இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது எதிரே வருவார். கைலியை இறக்கிவிட்டு, "நல்லாருக்கீகளா சிஸ்டர்" என்பார். பஸ்ஸில் துண்டைப் போட்டு எனக்கு இடம்பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றுகொள்வார். நான் ஏதாவது காமிக்ஸ் பேச்செடுத்தால், "ஆமா சிஸ்டர், ஆமா சிஸ்டர்." அந்த மாத இதழைப் பிரித்தால் 'கடலாடி நண்பர் கதையைப் படித்தாரா, படம் மட்டும் பார்த்தாரா?' என்றிருக்கும். நேரில் இருந்த மனிதரை எனக்குத் தெரியாது. அச்சில் இருந்தவரை நன்றாகத் தெரியும்.

பிறகு புத்தகம் மாதம் தவறி வர ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில் வரவேயில்லை. கடைக்காரர், "இனி வராதும்மா, பையன் பெரியவனாகிருப்பானே" என்றார். எனக்கும் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் மாற்றலாகிவிட்டது. புது ஊரில் வீட்டுக்கு வீடு டிவி. யார் எதைப் பேசினாலும் சீரியலில்தான் போய் நின்றது.

ரொம்ப வருஷம் கழித்து, தமிழில் டப்பிங் செய்த வெளிநாட்டு முகமூடி வீரன் படங்கள் இராமநாதபுரம் தியேட்டருக்கு வந்தன. எங்கள் டிக்கெட் ஆள் இல்லை, வேறு ஒருவன். ஒரே வீரனுக்குப் பாகம் பாகமாக. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குத் தனியாகப் போவேன். மூன்றாம் பாகம் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் பாகத்தில் அவன் பயந்தான், அதனால் அவனுக்காக நானும் பயந்தேன். மூன்றாம் பாகத்தில் அவனுக்குப் பயமே இல்லை, சண்டை மட்டும் பெரிதாகியிருந்தது. பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன். "கிராபிக்ஸ் சூப்பரா இருந்துச்சே ஆன்ட்டி" என்று செல்போனைப் பார்த்தாள்.

அடுத்த லீவு நாளில் ஏர்வாடிக்குப் பஸ் ஏறினேன்.

கடை பெரிதாகியிருந்தது. அவர் தாடி நரைத்திருந்தது. நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, மனைவிக்குச் சர்க்கரை வியாதி என்று மாத்திரைச் சீட்டைக் காட்டினார். பார்த்துச் சொன்னேன். பிறகு படத்தைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நான் படமே பாக்குறதில்ல சிஸ்டர். புத்தகமெல்லாம் எப்பவோ குடுத்தாச்சு."

எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை. "அந்த டிக்கெட் குடுக்குற ஆளு விஷயத்துல நீங்க எழுதுனதுதான் சரி. அவன் அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னது நல்லதுதான்" என்றேன்.

அவர் தர்கா வாசலைப் பார்த்தார். அங்கே மனநிலை சரியில்லாத ஒரு பெண் தூணைப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் தாய் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"இல்ல சிஸ்டர்" என்றார். நான் நிமிர்ந்தேன். "நான் எழுதுனது தப்பு. சொன்னா பாரம் எறங்கும்னு நெனச்சேன். இங்கன நாள் பூரா சொல்லிக்கிட்டுத்தான் இருக்காக. கேக்குறவுக மேல அது ஏறிக்கிருது. அதுவரைக்கும் சொல்லாம இருந்தானே, அந்தப் பொண்ணு மேல உள்ள அக்கறைதான் அது."

"அப்ப அவன் யாருகிட்டத்தான் பேசுறது?"

"பேசாம இருக்க முடியாதா என்ன?"

"முடியாது" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "உங்களுக்கு வீட்ல ஆளு இருக்கு, அதான் இப்படிச் சொல்றீங்க."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். முகத்தில் சிஸ்டருக்கான பணிவு இல்லை. அதற்குள் திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம் தர்காச் சமாதியில் போர்த்தும் போர்வைத் துணி கேட்டுக் கடைக்குள் வந்தது. விலை பேசி, அளந்து, கிழித்துக் கொடுத்து முடிப்பதற்குள் என் பஸ் வந்துவிட்டது. அவரே போய்க் கை காட்டி நிறுத்தினார். ஏறினேன்.

அதன்பிறகு ஏர்வாடிக்குப் போகும்படி வேலை எதுவும் அமையவில்லை. வேலை இல்லாமல் போய் நிற்க எனக்குக் கூச்சம். அவருடைய போன் நம்பரை நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நான்காம் பாகம் வந்தபோது முதல் வாரமே போய்ப் பார்த்தேன். மூன்றைவிடப் பரவாயில்லை.