ஒரு டம்ளர் வெள்ளம்

போன வாரம் எங்கள் மட்டாஞ்சேரி பள்ளிக்கு ஆய்வு அதிகாரி வந்தார். காலையிலிருந்து கரும்பலகையை மூன்று முறை துடைத்துவிட்டேன்.

பின்னே? எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொந்தமாக நாலு வரி எழுத வருகிறதா என்று பார்க்கத்தான் அந்த வருகை. வராவிட்டால் தமிழ்ப் பிரிவை மூடிவிட்டு, எல்லோரையும் மலையாளத்துக்கு மாற்றிவிடுவார்களாம்.

கட்டுரை எழுதச் சொன்னால் எல்லோரும் ஒரே பசுவைத்தான் எழுதுவார்கள். அதே நாலு கால், அதே வால்... வெறுத்துப்போய், வீட்டிலிருந்து கவிதைப் புத்தகங்களைக் கொண்டுபோய்த் தினமும் ஒரு கவிதை படித்துக் காட்டினேன். "இதே மாதிரி உங்க வீட்ல பார்த்ததை எழுதுங்க" என்றேன்.

"இன்ஸ்பெக்‌ஷன் வருது, இப்போழா டீச்சரே கவிதை?" என்று தலையில் கைவைத்தார் தலைமையாசிரியை.

அதிகாரி தமிழ்நாட்டுக்காரர். வந்ததும் முதல் பெஞ்சுக் கோமதியை எழுப்பினார். அவள் அப்பா மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குபவர். எழுதியதை வாசித்தாள்:

மூட்டை தூக்கி அப்பா வருவார்.
அம்மா ஒன்றும் பேச மாட்டாள்.
ஒரு டம்ளர் வெள்ளம்
கையில் கொடுப்பாள்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். இங்கே மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அவருக்கோ, ஊரையே அடித்துக்கொண்டு போகிற வெள்ளம்! எத்தனை முறை திருத்தியிருப்பேன்... இதை எப்படிக் கோட்டை விட்டேன்?

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "பேசாததையெல்லாம் வெள்ளமாக்கி ஒரு டம்ளர்ல அடக்கிட்டாங்களா உங்கம்மா? அடடா!"

கோமதி விழித்தாள். வாயைத் திறக்காதே தாயே என்று மனதுக்குள் கும்பிட்டேன். திறந்தாள்.

"இல்ல சார், அப்பாவுக்கு தாகிக்கும். அதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், வெள்ளம்னா...?"

"தண்ணீர், சார்." என்றேன்.

போச்சு. பிரிவும் போச்சு, என் மானமும் போச்சு!

அவர் தாளை வாங்கித் தானே இன்னொரு முறை படித்தார். "தண்ணின்னு வெச்சுப் படிச்சாலும் கவிதையாத்தான் இருக்கு... பார்த்ததை எழுதியிருக்கா. இந்தப் பிரிவை மூடணும்னு என் கையால எழுத மாட்டேன்."

பெரியவர்கள் நாம்தான் கவிதையில் அர்த்தம் தேடி அலைகிறோம். பிள்ளைகள் பாட்டுக்குத் தாகத்தை எழுதிவிட்டுப் போகிறார்கள், இல்லையா?

அவர் ஜீப் கிளம்பியதும் நாற்காலியில் விழுந்தேன். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"கோமதி, கொஞ்சம் வெள்ளம் கொண்டா!" என்றேன் — தமிழ் டீச்சர் நான்!